ஒற்றை வரி விவரக்குறிப்பு

கொழும்பு மாவட்டத்திலுள்ள ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் வழங்கல் பிரிவில் 1999ஆம் ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது, வீதி கூட்டும் விளக்குமாறுகளுக்கான எங்கள் விவரக்குறிப்பு, அதாவது எப்படிப்பட்ட பொருள் வேண்டும் என்று வழங்குநருக்குச் சொல்லும் குறிப்பு, ஒரே வரியில் முடிந்துவிடும்: “விளக்குமாறு, தரமானது, 600.” அந்த வரியை எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் அதற்கு முந்தைய ஆண்டுக் கோப்பிலிருந்து எடுத்திருந்தார். நானும் பல ஆண்டுகள் அதை மாற்றாமலே எழுதினேன். விலைமனுக்கள் வரும், குறைந்த விலைக்காரருக்குக் கட்டளை போகும், களஞ்சியத்தில் விளக்குமாறுகள் வந்து இறங்கும், மூன்று மாதத்தில் சுகாதாரப் பிரிவு மறுபடியும் கேட்டு எழுதும். இதில் ஏதோ பிழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தோன்றச் செய்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. 2014ஆம் ஆண்டளவில், ஈர்க்கு விளக்குமாறைவிட நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லி ஒரு வழங்குநர் பிளாஸ்டிக் நார் விளக்குமாறுகளை மிகக் குறைந்த விலைக்குத் தந்திருந்தார். “தரமானது” என்ற சொல்லுக்கு அவையும் பொருந்தின. மறுப்பதற்கு எங்களிடம் காரணம் இருக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அந்த அக்கா ஒரு தேய்ந்த விளக்குமாறைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். “சேர், இதால கூட்டினா குப்ப போகல்ல, நார்தான் போகுது” என்று சொல்லி, அதைச் சீமெந்துத் தரையில் இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். பச்சை நிறத்தில், நகக்கண் அளவுத் துண்டுகள் தரையில் கிடந்தன. வெயிலில் கொதிக்கும் தார் வீதியில் நாள் முழுவதும் உரசினால் எவ்வளவு உதிர்ந்திருக்கும் என்பதற்கு வேறு கணக்குத் தேவைப்படவில்லை. உதிர்ந்தவை அனைத்தும் வீதியோரக் கானுக்குள் போயிருக்கும்; கொழும்பின் கான்கள் வாய்க்கால்களில் விழுகின்றன, வாய்க்கால்கள் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலைத் தொடுகின்றன. நகரைச் சுத்தப்படுத்துவதற்கென்று வரிப்பணத்தில் வாங்கிய பொருளைக் கொண்டு நாங்களே கடலுக்குப் பிளாஸ்டிக் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அடுத்த கொள்வனவுக்கு முன் அந்த அக்காவையும் இன்னும் மூன்று தொழிலாளரையும் அழைத்து உட்காரவைத்து, ஒரு நல்ல விளக்குமாறு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டேன். (தொழிலாளரை விவரக்குறிப்புக் கூட்டத்துக்கு அழைப்பதா என்று ஓர் உத்தியோகத்தர் முகம் சுளித்ததும் நினைவிருக்கிறது.) தடி ஐந்தடிக்குக் குறைந்தால் முதுகு வளைக்கவேண்டியிருக்கிறது என்றார்கள். மெல்லிய கம்பியால் கட்டினால் அது துருப்பிடித்து விரலைக் கிழிக்கிறது, பச்சை ஈர்க்கைக் கட்டித் தந்தால் ஒரு கிழமையில் காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடுகிறது என்றும் சொன்னார்கள். களஞ்சியத் தராசில் பழையதையும் புதியதையும் நிறுத்துப் பார்த்தோம். எடை குறைந்த கட்டுகள்தான் விரைவில் திரும்பி வந்தவை. இவற்றையெல்லாம் எண்களாக்கினோம்: ஈர்க்கின் நீளம் இரண்டரை அடிக்குக் குறையக்கூடாது, காய்ந்த நிலையில் கட்டின் எடை இவ்வளவு, கட்டு தும்புக்கயிற்றால் போடப்படவேண்டும், தடியின் நீளம் இவ்வளவு, விலைமனுவோடு ஒரு மாதிரி ஒப்படைக்கப்படவேண்டும். ஒற்றை வரி முக்கால் பக்கமாயிற்று. “சுற்றாடல்” என்ற சொல் அந்த முக்கால் பக்கத்தில் ஓரிடத்திலும் இருக்கவில்லை; ஆனாலும் பிளாஸ்டிக் நார் அதற்குப் பிறகு எங்கள் களஞ்சியத்துக்குள் வரவில்லை.

ஆனால் முதல் வருடம் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. நல்ல ஈர்க்கு விளக்குமாறு கட்டுபவர்கள் தென்னை அதிகமுள்ள குருநாகல், புத்தளம் பக்கத்துச் சிறு குடும்பங்கள். எங்கள் ஆவணமோ முழுத் தொகைக்கும் ஒரே வழங்குநரைக் கேட்டது, விலைமனுவிலிருந்து பின்வாங்கமாட்டார் என்பதற்கு விலைமனுப் பிணையும் கேட்டது. வீட்டுத் திண்ணையில் இருந்து கட்டுபவர் வங்கிப் பிணைக்கு எங்கே போவார்? ஆகவே விலைமனு கொடுத்தவர்கள் எல்லாரும் இடைத்தரகர்களே. அடுத்த முறை ஒரே அழைப்புக்குள் நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக விலைமனு தரலாம் என்று எழுதி, பிணைக்குப் பதிலாகக் கையொப்பமிட்ட உறுதிப் பிரகடனம் போதும் என்று கொள்வனவுகளைத் தீர்மானிக்கும் பெறுகைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றோம். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். உயர்மட்டக் குழுவின் அங்கீகாரத்தைத் தவிர்ப்பதற்காக ஒரு கொள்வனவைத் துண்டு துண்டாக்குவது விதிமீறல். ஒரே கொள்வனவைத் தொகுதிகளாக அழைத்து, மொத்தப் பெறுமதிக்குரிய குழுவிடமே அனுமதி பெறுவது விதிக்கு உட்பட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கோப்பின் முதற் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது, ஏனெனில் இரண்டு ஆண்டுகள் கழித்துக் கணக்காய்வாளர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது நாம் அருகில் இருக்கமாட்டோம்.

சுற்றாடல் பற்றிப் பேசுகின்ற கூட்டங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: “குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்ற விதி இருக்கும்வரை எதுவும் செய்யமுடியாது.” நானும் நெடுங்காலம் அதையே சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் 2006ஆம் ஆண்டிலிருந்து எங்கள் கையிலிருந்த பெறுகை வழிகாட்டி, அதாவது அரசாங்கக் கொள்வனவுகளுக்கான விதிநூல், அப்படிச் சொல்லவில்லை. கேட்கப்பட்டவற்றுக்குப் பெருமளவில் பொருந்துகின்ற விலைமனுக்களுள், மதிப்பிடப்பட்ட விலை மிகக் குறைந்ததைத் தெரிவு செய்யவேண்டும் என்பதே அதன் சாரம். முதலில் பொருந்தவேண்டும், பிறகுதான் விலை. அதுவும் வெறும் விலையல்ல, ஆவணத்தில் சொன்ன மற்றச் செலவுகளையும் சேர்த்து மதிப்பிடப்பட்ட விலை. எதற்குப் பொருந்தவேண்டும் என்பதை எழுதும் பேனா நம் கையில்தான் இருக்கிறது. 2025 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து புதிய வழிகாட்டி நடைமுறைக்கு வந்துவிட்டது, பக்கங்களும் படிவங்களும் மாறியிருக்கின்றன. விவரக்குறிப்பை எழுதுபவரின் பொறுப்பு மாறவில்லை.

பேனா கையில் இருந்தும் நான் சறுக்கிய இடம் பைகள்.

2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மேல்மாகாணத்தில் குப்பையைத் தரம் பிரித்து எடுக்கும் வேலை இறுக்கமாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து சோறு பொதியும் பொலித்தீன் தாளான லன்ச் ஷீட், ரெஜிஃபோம் உணவுப் பெட்டி, மெல்லிய கடைப்பை ஆகியவற்றுக்குத் தடையும் வந்தது. எங்கள் மன்றம் சந்தைக் கடைகளுக்கும் சில குடியிருப்புகளுக்கும் உக்கும் குப்பைக்கென்று தனிப் பைகள் கொடுப்பதாகத் தீர்மானித்தது. கொள்வனவு என் மேசைக்கு வந்தது. விளக்குமாறில் கற்ற பாடம் எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையோடு பையின் நீளம், அகலம், தடிப்பு, தாங்கவேண்டிய எடை எல்லாவற்றையும் எண்களாக எழுதிவிட்டு, மிக முக்கியமான இடத்தில் மட்டும் ஒரு சொல்லை எழுதினேன்: “உக்கக்கூடியது.” ஐந்து விலைமனுக்கள் வந்தன, ஐந்திலும் பையின்மேல் பச்சை இலை அச்சிடப்பட்டிருந்தது. குறைந்த விலைக்குக் கட்டளை கொடுத்தோம்.

நான்கைந்து மாதங்கள் கழித்துக் கூட்டுப்பசளை முற்றத்தின் மேற்பார்வையாளர் ஒரு பத்திரிகைத் தாளில் ஏதோ பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து என் மேசைமேல் விரித்தார். கறுத்த பசளை, அதற்குள் வெண்பச்சைச் செதில்கள். ஒன்றை எடுத்து விரல்களால் உரசிப் பார்த்தேன்; இன்னும் சின்னதாகக் கிழிந்ததே தவிர மண்ணோடு சேரவில்லை. பொலித்தீனோடு ஒரு சேர்மானத்தைக் கலந்தால் அது வெயிலிலும் காற்றிலும் முறிந்து துண்டாகும், ஆனால் துண்டுகள் பொலித்தீனாகவே இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் விசாரித்து அறிந்தேன். பழைய பையாவது முழுதாகக் கிடக்கும், பொறுக்கி எடுக்கலாம். இதைப் பொறுக்கவும் முடியாது, சலிக்கவும் முடியாது. அந்தத் தடவை உருவாகிய பசளையைப் பூங்காப் பிரிவு வாங்க மறுத்தது. மறுத்தது நியாயமே.

உண்மையாகவே உக்கும் பைக்குச் சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 17088, ஐரோப்பிய நியமமான ஈஎன் 13432 என்று நியமங்கள் இருக்கின்றன. ஈஎன் 13432இன்படி, பன்னிரண்டு கிழமை கூட்டுப்பசளையாக்கிய பின் 2 மில்லிமீற்றர் சல்லடையில் தங்குவது பத்து வீதத்துக்கு மேற்படக்கூடாது, ஆறு மாதத்துக்குள் பொருளின் காபனில் 90 வீதம் உயிரியல் முறையில் சிதையவேண்டும். அடுத்த விவரக்குறிப்பில் “உக்கக்கூடியது” என்ற சொல்லை வெட்டிவிட்டு, நியமத்தின் இலக்கத்தையும், சுயாதீன ஆய்வுகூடத்தின் சோதனை அறிக்கை இணைக்கப்படவேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதினேன். அறிக்கையில் உள்ள பொருளும் நமக்குத் தரப்படும் பொருளும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்காக, உற்பத்தித் தொகுதி இலக்கம் பையிலேயே அச்சிடப்பட்டிருக்கவேண்டும் என்றும் சேர்த்தோம். ஐந்து பேரில் மூவர் விலைமனுவே தரவில்லை. விலை கூடிற்று என்பதை மறைக்க முடியாது. அதனால் பைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கடைகளுக்கு மூடியுள்ள வாளிகளைக் கொடுத்தோம். பின்னோக்கிப் பார்க்கும்போது முதலிலேயே செய்திருக்கவேண்டியது அதுதான். இன்னொன்றும் உண்டு. அந்த நியமங்கள் வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட பெரிய பசளை ஆலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திறந்த முற்றத்தில் குவித்துப் புரட்டும் நம்முடைய குவியலின் நடுவில் வெப்பம் ஏறும், ஓரங்களில் ஏறாது. ஆகவே சான்றிதழ் இருந்தாலும் நம் முற்றத்திலேயே ஒரு சாக்குக்குள் பத்துப் பைகளைப் புதைத்துவைத்து மூன்று மாதத்தில் எடுத்துப் பார்ப்பது அவசியம். செலவில்லாத சோதனை இது.

மூன்றாவது அனுபவம் குளிரூட்டிகள். இதில் எனக்குக் கணக்காய்வு வினாவே வந்தது, அதுவும் நான் சரியென்று நம்பிய செயலுக்காக. கூட்ட மண்டபத்துக்கும் சில அறைகளுக்கும் குளிரூட்டிகள் வாங்கவேண்டியிருந்தது. விலைமனுக்களைத் திறந்தபோது சாதாரண இயந்திரம் ஒன்று மலிவாகவும், மின்சாரத்தைக் குறைவாக உண்ணும் இன்வெர்ட்டர் இயந்திரம் ஒன்று ஏறக்குறைய 60,000 ரூபாய் கூடுதலாகவும் இருந்தன. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் நான் ஓர் எளிய கணக்கை முன்வைத்தேன். முதலாவது மணிக்கு 1.5 அலகும் இரண்டாவது சராசரியாக ஓர் அலகும் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு எட்டு மணித்தியாலம், ஆண்டுக்கு 240 வேலைநாள் என்ற கணக்கில் ஆண்டுக்கு 960 அலகு மிச்சம். அலகுக்கு 30 ரூபாய் என்றால் 28,800 ரூபாய். மூன்றாவது ஆண்டு தொடங்குவதற்குள் கூடுதல் விலை கிட்டத்தட்டத் திரும்பிவிடும், அதன்பிறகு வருவதெல்லாம் மன்றத்துக்கு ஆதாயம். குழு ஏற்றுக்கொண்டது, வாங்கினோம்.

கணக்காய்வாளர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மின்சாரச் செலவைச் சேர்த்து மதிப்பிடப்போவதாக விலைமனு ஆவணத்தில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்? எழுதவில்லை. முன்கூட்டி அறிவிக்காத அளவுகோலைக் கொண்டு விலைமனுக்களை மதிப்பிட்டது பிழை. மலிவான இயந்திரத்தைத் தந்தவர் முறையிட்டிருந்தால் அவர் பக்கம்தான் நியாயம் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது, சில நாள் உறக்கமும் கெட்டது, ஆனால் அந்த வினாவைப் போலப் பயனுள்ள வேறொரு பாடத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் பெறவில்லை. அடுத்த ஆண்டு ஆவணத்திலேயே சூத்திரத்தை அச்சிட்டோம்: கொள்விலையோடு ஐந்தாண்டு மின்சாரச் செலவைக் கூட்டவேண்டும், மணித்தியாலம் இவ்வளவு, அலகு விலை இவ்வளவு, மின்நுகர்வுக்கு உற்பத்தியாளரின் சோதனை அறிக்கை. குளிர்வாயுவையும் குறிப்பிட்டோம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ, ஒரே எடையுள்ள கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது, இன்னொரு குளிர்வாயுவான ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு என்பது அந்தக் கோப்பை எழுதும்வரை எனக்கே தெரியாது. அந்த முறை குறைந்த மதிப்பிடப்பட்ட விலை இன்வெர்ட்டருக்கே வந்தது. விதி அதே விதி. இம்முறை அது எங்கள் பக்கம் நின்றது.

இந்த விடயத்தில் வெளியாருக்குத் தெரியாத ஒரு முடிச்சும் இருக்கிறது. குளிரூட்டி வாங்கும் பணம் பாதீட்டின் மூலதனச் செலவுத் தலைப்பிலிருந்து போகிறது, மின்கட்டணம் ஆண்டுதோறும் திரும்பிவரும் மீண்டெழும் செலவுத் தலைப்பிலிருந்து போகிறது. முதலாவதில் மிச்சம் பிடித்த உத்தியோகத்தருக்குப் பாராட்டு, இரண்டாவதில் கூடிய கட்டணத்துக்கு எவரும் பொறுப்பில்லை. இரண்டு தலைப்புகளுக்கும் பொறுப்பான கணக்காளரை மதிப்பீட்டுக்கு முன்னரே ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, கடந்த பன்னிரண்டு மாத மின்பட்டியல்களை அவர் முன் வைத்தால் பாதி வாதம் முடிந்துவிடும். எங்கள் கணக்காளர் அந்தப் பட்டியல்களை வரிசையாக வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஒப்புதல் வந்தது.

2022ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மார்ச் மாதத்தில் டொலர் 200 ரூபாயிலிருந்து ஏறத் தொடங்கி சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. கடதாசி இல்லாமல் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அறுபது நாள் செல்லுபடியாகும் விலை தாருங்கள் என்று கேட்டால் வழங்குநர்கள் சிரித்தார்கள், சிலர் மூன்று நாளுக்குக்கூட உறுதி தர மறுத்தார்கள். அந்த மாதங்களில் அச்சுப்பொறிகள் எல்லாம் இரு பக்கமும் அச்சிடப் பழகின, பழைய படிவங்களின் பின்பக்கம் குறிப்பேடாயிற்று, மூன்று பிரதி கேட்ட பிரிவுகள் ஒன்றோடு அமைதியடைந்தன. நான் பத்து ஆண்டுகளாகச் சுற்றறிக்கை அனுப்பி மன்றாடியும் நடக்காத காரியம். பற்றாக்குறை தீர்ந்த பிறகு எவ்வளவு தேவை என்று மறுபடி கேட்டபோது, பிரிவுகள் பழைய பழக்கத்தில் பழைய எண்களையே எழுதி அனுப்பின. நான் 2022ஆம் ஆண்டின் உண்மையான பாவனையை எடுத்து, அதில் பத்து வீதம் மட்டும் கூட்டி அனுமதித்தேன். இரண்டு பிரிவுகள் முறையிட்டன, கடதாசி எவருக்கும் முடியவில்லை. இன்னொன்றையும் அந்த ஆண்டு கவனித்தேன்: இறக்குமதியாகும் பொருட்களெல்லாம் தடுமாறியபோது குருநாகலிலிருந்து வரும் விளக்குமாறு மட்டும் எரிபொருள் கிடைத்த நாட்களில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

கூட்டங்களுக்கான தண்ணீர்ப் போத்தல்களையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் நிறுத்தியது சின்ன வேலை. கண்ணாடிக் குடுவையும் பீங்கான் கோப்பையும் வாங்குவதற்கு ஒரு நாள் போதும். யார் கழுவுவது என்ற கேள்விக்கு விடை காண மூன்று மாதம் சென்றது. தினக்கூலிக்கு ஒருவரை அமர்த்தும் செலவையும் ஒப்பீட்டில் சேர்க்காவிட்டால், கழுவும் வேலை சத்தமில்லாமல் அலுவலக உதவியாளர் பெண்களின் தலையில் விழுந்துவிடும். எங்களிடம் முதலில் அப்படித்தான் விழுந்தது.

நான் முடிக்காமல் விட்டது, வாங்கிய பொருளின் கடைசி நாளைப் பற்றிய வேலை. ஒவ்வோர் ஆண்டும் பொருட் கணக்கெடுப்பின்போது கழிக்கப்படும் கணினி, அச்சுப்பொறி, பழைய குளிரூட்டி எல்லாம் ஒரே குவியலாக ஏலத்துக்குப் போகும். கூடிய விலை கேட்பவர் எடுத்துச் செல்வார், வயரை எரித்துச் செம்பை எடுப்பார், மிச்சத்தைக் கானில் தள்ளுவார். மின்னணுக் கழிவும் பாதரசமுள்ள விளக்குகளும் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவுகள். அவற்றைக் கையாள்பவரிடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். ஏலத்தில் பங்குகொள்பவரிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்கத் தொடங்கியபோது வருமானம் விழுந்தது, அதற்கும் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைவிட நல்ல வழி, வாங்கும்போதே மீளப்பெறும் நிபந்தனையைச் சேர்ப்பது: புதியதைத் தரும் வழங்குநர் அதே எண்ணிக்கையில் பழையதை எடுத்துச் சென்று, அனுமதிபெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைத்த பற்றுச்சீட்டைக் கொண்டுவந்தால்தான் கடைசிப் பத்து வீதக் கொடுப்பனவு. அச்சுப்பொறி மைப்பெட்டிகளில் இது நன்றாக வேலை செய்தது, குளிரூட்டிகளில் ஓரளவுக்கு.

பாதரசமுள்ள குழல்விளக்குகளில் பிந்திவிட்டேன். எல்ஈடிக்கு மாறும் கட்டளையில் மீளப்பெறும் நிபந்தனையை எழுத மறந்தேன், பழைய குழல்கள் கழற்றப்பட்டு அட்டைப் பெட்டிகளில் களஞ்சியத்துக்கு வந்துவிட்டன. ஏலத்தில் விட மனம் வரவில்லை, எடுத்துச் செல்ல அனுமதிபெற்ற சேகரிப்பாளர் கேட்ட கட்டணத்துக்கு எந்தத் தலைப்பிலும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. கடந்த ஆண்டு நான் ஓய்வுபெற்ற நாளில், என் இடத்துக்கு வந்த தங்கச்சியைக் கூட்டிக்கொண்டுபோய்க் களஞ்சியத்தின் பின்சுவரோடு அடுக்கியிருக்கும் அந்தப் பெட்டிகளைத்தான் முதலில் காட்டினேன். அவர் ஒன்றைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு எந்த வோட்ல காசு எடுக்கிறது, சேர்?” என்று பாதீட்டுத் தலைப்பைக் கேட்டார். அடுத்த பாதீட்டில் புதிய தலைப்பொன்று கோரும் கடிதத்தை அன்று பின்னேரம் இருவருமாக உட்கார்ந்து எழுதினோம், கையொப்பம் அவருடையது.